இளையபெருமாளின் அறிக்கை: ஒரு தனித்தொகுதி உறுப்பினரால் என்ன செய்ய முடிந்தது?



சிதம்பரத்தில் எல். இளையபெருமாள் பெயரில் அரசு கட்டிய நூற்றாண்டு நினைவரங்கம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. அந்தச் சாலையில் தினமும் கல்லூரிக்குப் போய்வருகிற மாணவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இவர் காங்கிரஸ்காரர்தானே, இவரை நாம் ஏன் படிக்க வேண்டும்?" இதைத் திமிரான கேள்வி என்று ஒதுக்க முடியாது. அம்பேத்கரைப் படித்துவிட்டு அரசியலுக்கு வருகிற ஒரு தலைமுறை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காங்கிரசுக்குள் இருந்த ஒருவரைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. அவருடைய பதவிகளின் பட்டியலை மட்டும் வாசித்தால் அந்தச் சந்தேகம் வலுக்கவே செய்யும். அவர் எடுத்த நிலைப்பாடுகளையும், அவை சட்டமாகி எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறாகிறது. இந்தச் சொற்பொழிவில் அதைத்தான் செய்யப் பார்க்கிறோம்.

முதலில் அவர் நின்ற தளத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1932இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் நமக்கு இடங்களைக் கூட்டிக் கொடுத்தது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டது. தனித்தொகுதியில் நிற்பவர் தலித்தாக இருப்பார், அவரை வெல்லவைப்பதோ ஊர்த் தெருவின் வாக்கு. சேரிக்காக ஓங்கிப் பேசினால் அடுத்த தேர்தலில் ஊர் கணக்குத் தீர்க்கும். கட்சித் தலைமைக்கும் அப்படிப்பட்டவர் தலைவலி. இந்த ஏற்பாட்டுக்குள் போனவர்கள் பெரும்பாலும் கைகட்டி உட்கார்ந்துவிட்டு வந்ததற்கு அவரவர் குணத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஏற்பாடே அதற்காகச் செய்யப்பட்டது.

இளையபெருமாள் 1924 ஜூன் 26 அன்று பிறந்தவர். காட்டுமன்னார்கோயில் மண். வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பூமி. அந்த நெல்லை விளைவித்தவர்களுக்கு நிலம் இல்லாத பூமி. பள்ளிக்கூடத்தில் தலித் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனித் தண்ணீர்ப் பானையை அவர் உடைத்த கதையை இந்தப் பகுதிப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கடலூர் மக்களவைத் தொகுதியிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராகப் போனபோது அவருக்கு 27 வயது. அப்போது அது இரட்டை உறுப்பினர் தொகுதி: ஒரே தொகுதியில் பொது உறுப்பினர் ஒருவர், தாழ்த்தப்பட்டோர் உறுப்பினர் ஒருவர். தென்னார்க்காட்டில் அந்தத் தேர்தலில் காங்கிரசை மிரட்டியது எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி. வன்னியர் ஒரு பெரும் அரசியல் சக்தியாகத் திரண்ட மாவட்டத்தில், அதே நேரத்தில், ஒரு சேரி இளைஞர் டெல்லிக்குப் போகிறார். பின்னால் இந்த மாவட்டத்தில் நடந்தவற்றுக்கெல்லாம் இந்தத் தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வது உதவும்.

அவருக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு மரபு இருந்தது. சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக்கழகம் தொடங்கி, பள்ளியும் விடுதியும் கட்டி, சட்டமன்றத்திலும் பேசி, 1959இல் மறைந்தார். நந்தனைப் புராணத்தின் நெருப்பிலிருந்து மீட்டு வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் அவர். படிப்பைக் கொடுத்துவிட்டால் மரியாதை வரும் என்று நம்பிய தலைமுறை அது. படித்தவனும் தேநீர்க் கடையில் தனிக் குவளையில்தான் குடித்தான் என்பதைப் பார்த்தது இளையபெருமாள் தலைமுறை.

1957இல் சிதம்பரம், 1962இல் திருக்கோவிலூர் என மூன்று முறை மக்களவை உறுப்பினராக இருந்தார். பதவிக் காலங்களை இதற்குமேல் விரிக்கத் தேவையில்லை. மூன்றாவது முறை உறுப்பினராக இருந்தபோது, 1965 ஏப்ரலில், ஒன்றிய அரசு ஒரு குழுவை அமைத்து அவரைத் தலைவராக்கியது. தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி வளர்ச்சியையும் ஆராய்வது குழுவின் வேலை. அதன் நீண்ட பெயரை யாரும் சொல்வதில்லை; நாடு முழுவதும் அது இளையபெருமாள் குழு என்றே அறியப்பட்டது.

குழு ஏன் தேவைப்பட்டது? அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக 1950இலேயே அறிவித்தது. அதைக் குற்றமாக்க 1955இல் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துப் படித்தால் அது ஏன் செத்துப் பிறந்தது என்று தெரியும். தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். இந்த 'அல்லது', இந்த 'வரை' இரண்டும் போதும், பத்து ரூபாய் அபராதத்தோடு ஒருவன் வீட்டுக்குப் போய்விடலாம். அதைவிட மோசம், நீதிமன்ற அனுமதியோடு குற்றத்தைச் சமரசம் செய்துகொள்ளலாம் என்று சட்டமே சொன்னது. கிராமத்தில் சமரசம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். புகார் கொடுத்தவன் மறுநாள் அதே பண்ணையில் கூலி கேட்டு நிற்க வேண்டும். அவன் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்?

குழு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நாடு முழுவதும் போய்ப் பார்த்து 1969 ஜனவரி இறுதியில் அறிக்கை கொடுத்தது. தேதியைக் கவனியுங்கள். அதற்குச் சுமார் ஐந்து வாரத்துக்கு முன்புதான், 1968 டிசம்பர் 25 இரவு, கொள்ளிடத்துக்குத் தெற்கே கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். முந்தைய ஆண்டுதான் மாநிலத்தில் ஆட்சி மாறியிருந்தது. சமூக நீதி பேசிய புதிய ஆட்சியிலும் சேரி எரிந்தது. காந்தியின் பெயர் சொன்ன டெல்லி ஆட்சியிடம் ஒரு காங்கிரஸ்காரர் கொடுத்த அறிக்கை, ஒழித்துவிட்டதாகச் சொல்லப்பட்ட தீண்டாமை கிணற்றிலும் கோயிலிலும் கடையிலும் பள்ளியிலும் அப்படியே இருக்கிறது என்று பதிவுசெய்தது.

அறிக்கையின் நிலைப்பாடுகளில் நாம் நீண்ட நேரம் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிறப்பால் வரும் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று குழு சொன்னது. ஒழித்துவிட்டு அங்கே எதை வைப்பது என்பதையும் சொன்னது: அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் பயிற்சி பெற்ற, கல்வித் தகுதி உள்ளவர்களைக் கொண்ட ஓர் அமைப்பு, சாதி, சமயம், இனம் பாராமல் எல்லோருக்கும் திறந்த அமைப்பு. தீண்டாமையை ஆராயப் போன குழு கருவறைக்கு ஏன் போனது என்று அப்போதே கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பதில் எளிது. 1939இலும் 1947இலும் சென்னை மாகாணத்தில் வந்த ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வாசலைத் திறந்தன. உள்ளே போனவன் ஒரு கோட்டுக்கு இப்பால் நிற்கிறான். அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கும் தகுதி பிறப்பில் இருக்கிறது என்றால், இப்பால் நிற்பவனின் தகுதியின்மையும் பிறப்பில்தான் இருக்கிறது. தீண்டாமையின் வேர் அங்கே இருக்கிறது என்று குழு கண்டது.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகும் சட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசும்போது பெரியாரின் 1970 கருவறை நுழைவுக் கிளர்ச்சி அறிவிப்பையும் கலைஞரின் சட்டத்தையும் சொல்வோம். இரண்டும் உண்மை, இரண்டும் முக்கியம். மூன்றாவதாக ஒரு பெயர் விடுபட்டுப் போகிறது. அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்த 1970இல் கொண்டுவந்த மசோதாவுக்குத் தமிழக அரசு எழுதிய நோக்கக் குறிப்பு, 1969ஆம் ஆண்டின் இந்தக் குழுவின் பரிந்துரையிலிருந்துதான் தொடங்குகிறது. 1971ஆம் ஆண்டின் 2ஆவது சட்டமாக அது வந்தது. எதிர்த்து வழக்குப் போனது. சேஷம்மாள் வழக்கில் 1972 மார்ச்சில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமும் அந்த நோக்கக் குறிப்பைத் தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டியிருக்கிறது. காட்டுமன்னார்கோயில்காரரின் குழு எழுதியது காங்கிரஸ் அமைச்சகத்திலிருந்து திமுக சட்டத்துக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் போய்விட்டது. பெயர் மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. சட்டத்தை வகுப்பில் படிக்கும் மாணவர்கள் தீர்ப்பின் அந்தப் பகுதியை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு என்ன சொன்னது? அர்ச்சகரை நியமிப்பது மதச்சார்பற்ற செயல்; எனவே தந்தைக்குப் பின் மகன் என்ற வாரிசுரிமையை அரசு எடுத்துவிடலாம். ஆனால் ஆகமம் யார் பூசை செய்யலாம் என்று சொல்கிறதோ அதை மீற முடியாது. அதாவது குழுவின் பரிந்துரையில் முதல் பாதி பிழைத்தது. 'எல்லோருக்கும்' என்ற மறுபாதி ஆகமத்தின் கதவருகில் நிறுத்தப்பட்டது. 2006இல் அரசு மறுபடி ஆணை போட்டுப் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கியது. படித்து முடித்த பிள்ளைகள் சான்றிதழோடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒவ்வொரு கோயிலிலும் அதன் ஆகமத்தைத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது. 2021 ஆகஸ்டில்தான் அந்தப் பயிற்சி பெற்றவர்களில் ஒரு பகுதியினர் பணி ஆணை பெற்றார்கள். ஐம்பத்திரண்டு ஆண்டுகள். கேரளத்தில் 2017இலேயே தேவஸ்வம் போர்டு கோயில்களுக்குத் தலித் அர்ச்சகர்கள் தேர்வானார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சிதம்பரத்தில் உட்கார்ந்து இதைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இளையபெருமாள் 1957இல் வென்ற தொகுதியின் நடுவில் நிற்கிற நடராசர் கோயிலை இந்தச் சட்டம் தொடவேயில்லை. பொது தீட்சிதர்கள் தனிச் சமயப் பிரிவினர் என்ற வாதத்தை ஏற்று, கோயில் நிர்வாகத்தில் அரசு தலையிட்டதை உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 6 அன்று ரத்து செய்தது. அங்கே பூசையும் நிர்வாகமும் தீட்சிதர் குடும்பங்களில் பிறந்த, திருமணமான ஆண்களிடமே இருக்கிறது. 2022 பிப்ரவரியில் கனகசபையில் ஏறி வழிபட முயன்ற ஒரு தலித் பெண் தடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதன் பிறகுதான், அந்த மே மாதம், கனகசபையில் பக்தர்கள் ஏறி வழிபட அரசு ஆணை போட்டது. நந்தன் கதை நடந்ததாகச் சொல்லப்படும் கோயிலில், 2022இல், எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பது இன்னும் அரசாணைக்குரிய விஷயமாக இருக்கிறது.

அடுத்தது, களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதைவிடப் பயன்படும் பகுதி. 1955 சட்டத்தைத் திருத்தும் மசோதா குழுவின் பரிந்துரைகளை அடிப்படையாகக் கொண்டு 1972இல் வந்தது. நிறைவேற 1976 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று நடைமுறைக்கு வந்தபோது சட்டத்தின் பெயர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியிருந்தது. (அது இந்திரா காந்தியின் பிறந்தநாள். நெருக்கடி நிலையில் குடிமக்களின் உரிமைகள் எல்லாம் முடக்கப்பட்டிருந்த நேரத்தில் குடிமை உரிமைகள் சட்டம் பரிசாக வந்தது. சிரிப்பதா என்று தெரியவில்லை.) பெயரைவிட உள்ளே மாறியவைதான் முக்கியம்.

சமரசம் போய்விட்டது, ராஜி செய்துகொள்ள இனி சட்டத்தில் இடமில்லை. குறைந்தபட்சத் தண்டனை வந்தது: ஒரு மாதத்துக்குக் குறையாத சிறையும் நூறு ரூபாய்க்குக் குறையாத அபராதமும், 'அல்லது' இல்லாமல். செத்த மாட்டைத் தூக்கு, தோலை உரி, தெருவைக் கூட்டு என்று தீண்டாமையின் பேரில் கட்டாயப்படுத்துவதே குற்றம் என்று 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்குக் குறைந்தது மூன்று மாதம். ஓர் ஊரே சேர்ந்து குற்றம் செய்தாலோ குற்றவாளியை மறைத்தாலோ அந்த ஊர்மீது கூட்டு அபராதம் போடலாம் என்று 10ஏ வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, புலனாய்வு செய்ய வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே அதைப் புறக்கணித்தால் அவரும் அந்தக் குற்றத்துக்கு உடந்தை என்று 10ஆவது பிரிவு சொன்னது.

இந்தக் கடைசிப் பிரிவின் பொருளை யோசியுங்கள். அதுவரை தீண்டாமை என்பது இரண்டு சாதிகளுக்கு இடையிலான விவகாரம், அரசு நடுவர். இந்தப் பிரிவு நடுவரைக் கூண்டில் ஏற்றியது. புகாரை வாங்க மறுக்கும் காவல் நிலையமும் தீண்டாமையின் ஓர் உறுப்பு என்பதைச் சட்டம் முதல் முறையாக ஏற்றுக்கொண்டது. 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று இதை இன்னும் கூர்மையாக்கியது. இந்தச் சட்டங்களின்படி எத்தனை அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள் என்று கேட்டால், நம் அனுபவத்தில் விரல் மடக்கத் தேவையில்லை. ஆனாலும் இந்தப் பிரிவை எழுதிக் கொடுக்கிற மனுவுக்கும் எழுதாமல் கொடுக்கிற மனுவுக்கும் ஆய்வாளர் மேசையில் கிடைக்கும் கவனிப்பில் வேறுபாடு இருக்கிறது. அதை நாங்கள் பல முறை பார்த்திருக்கிறோம். புவனகிரி பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சியில் ஒரு தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியானபோது, துணைத் தலைவரோடு ஊராட்சிச் செயலர் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. நாற்காலி போடாத அரசு ஊழியரும் பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த எண்ணத்துக்குச் சட்டத்தில் ஒரு வரலாறு உண்டு.

அறிக்கை போன இன்னொரு திசை நாம் எதிர்பாராதது. அதில் பதிவான கொடுமைகள் நாடாளுமன்றத்தில் பெரும் சலசலப்பை உண்டாக்கின. பம்பாயின் சேரி இளைஞர்கள் அதைப் படித்தார்கள். 1972இல் அங்கே தலித் பேந்தர்ஸ் உருவானதற்கான பின்னணியில் இந்த அறிக்கைக்கு முக்கிய இடம் உண்டென்று, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெ.வி. பவார் எழுதிய வரலாறு சொல்கிறது. நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் கோபத்தை இலக்கியமாக்கினார்கள். அந்தச் சிறுத்தை 1982இல் மலைச்சாமி வழியாக மதுரைக்கு வந்தது. மலைச்சாமிக்குப் பின் 1990இல் தொல். திருமாவளவன் தலைமை ஏற்றார். ஒன்பது ஆண்டுகள் தேர்தலைப் புறக்கணித்த அந்த இயக்கம் 1999இல் தேர்தலுக்கு வந்தபோது அவர் நின்ற தொகுதி சிதம்பரம். சிதம்பரத்திலிருந்து ஒருமுறை நாடாளுமன்றம் போனவரின் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை, பம்பாய் சுற்றி, மதுரை சுற்றி, கட்சியாகச் சிதம்பரத்துக்கே வந்து சேர முப்பது ஆண்டு ஆனது.

இளையபெருமாளின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1979இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார், ஓராண்டு இருந்தார். 1980இல் எழும்பூரிலிருந்து சட்டமன்ற உறுப்பினர். இந்தப் பதவிகளால் அவர் பெரிதாக எதையும் சாதித்ததாக நமக்குத் தோன்றவில்லை. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் சாலை மறியல் நடந்தபோது தென்னார்க்காட்டில் சேரி வீடுகள் எரிந்தன; போராட்டக்காரர்கள் பலர் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இரண்டு பக்கமும் கூலிக்காரர்களின் பிணங்களும் சாம்பலும். காங்கிரசால் சேரிக்கு ஒரு பாதுகாப்பும் தர முடியவில்லை. அறுபது வயதைக் கடந்தவர் அந்தக் கட்டத்தில் காங்கிரசை விட்டு வெளியே வந்து இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்ற மறுப்பு இந்த வட்டாரத்தில் பரவியதில் அவருடைய பங்கு பெரிது. 7ஏ பிரிவு ஏட்டில் தடை செய்ததை மக்கள் தெருவில் தடை செய்தார்கள்.

கட்சியின் பெயரில் சாதி இல்லை, தலித் என்ற சொல்லும் இல்லை என்பது இன்றைய மாணவர்களுக்கு உறுத்தலாம். அம்பேத்கர் நூற்றாண்டுக்கு முன்பு, தலித் என்ற சொல் தமிழ் அரசியலில் வேர்பிடிக்காத காலம் அது. சேரியின் கோரிக்கை சலுகைக் கோரிக்கை அல்ல என்று அறிவிக்க அவருக்குக் கிடைத்த சொல் மனித உரிமை. அந்தக் கட்சி இந்த மாவட்டத்தைத் தாண்டி வளரவில்லை. வளராததற்கு அவருடைய வயது ஒரு காரணம், பணம் ஒரு காரணம், பக்கத்திலேயே இளைஞர்களை ஈர்த்த சிறுத்தைகள் ஒரு காரணம். தம் வாழ்க்கையைச் 'சித்திரை நெருப்பு' என்ற நூலாக எழுதிவைத்துவிட்டு 2005 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அவரிடம் நமக்குள்ள குறையையும் மறைக்க வேண்டியதில்லை. குழுவின் பெயரிலேயே பொருளாதார வளர்ச்சி இருந்தது. தீண்டாமைப் பகுதி சட்டமானது. நிலத்தைப் பற்றிய பகுதி எந்தச் சட்டமாகவும் ஆகவில்லை. அதைச் சட்டமாக்கும் அதிகாரம் வைத்திருந்த கட்சியில்தான் அவர் 1969க்குப் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தார். 1987க்கு முன்பே வெளியே வந்திருக்க வேண்டும் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோழர்கள் விவாதிக்கலாம்.

அந்த விவாதத்தில் இரண்டு எண்களை மனதில் வையுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயில் தனித்தொகுதியில் திருமாவளவன் தோற்றது 87 வாக்கில். 2019இல் சிதம்பரம் தனித்தொகுதியில் அவர் வென்றது 3,219 வாக்கில். தொகுதி நமக்கென்று ஒதுக்கப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், சொந்தக் கட்சியின் பெயரில், சேரியின் பேச்சைப் பேசிக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு ஊர் கொடுத்த இடைவெளி அவ்வளவுதான். 1952இல் இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் எந்தக் கட்சிச் சீட்டில் நின்றிருக்க முடியும் என்பதையும் அந்த எண்களோடு சேர்த்து யோசியுங்கள்.